மணமக்களின் வயது வேறுபாடும் மகளிர் உரிமையும்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் திருமணத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் கருதக்கூடும். முப்பதாண்டுக் காலமாக அரசுப் பள்ளிகளில் பணியாற்றி வருபவன் என்ற முறையில் கூறுகிறேன்: நம் பெண்மக்களின் கல்வி நின்றுபோகும் இடம் பெரும்பாலும் தேர்வு மண்டபம் அன்று, மணப்பந்தலே ஆகும். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி கல்லூரியில் சேர்ந்தாளா என்று வினவினால், "நல்ல இடம் வந்தது ஐயா, மாப்பிள்ளைக்கு அரசு வேலை, வயதுதான் கொஞ்சம் கூடுதல்" என்று பெற்றோர் விடையளிக்கின்றனர். அந்தக் 'கொஞ்சம்' பத்தாண்டாகவும் பதினான்கு ஆண்டாகவும் இருப்பதைக் காண்கிறோம். ஆதலின், கணவன் மனைவியரிடையே உள்ள வயது வேறுபாடு எங்கிருந்து வந்தது, பிற ஆசிய நாடுகளில் அஃது எவ்வாறு உள்ளது, நம் சமுதாயத்திற்கு அதனால் விளைவது யாது என்பவற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பழைய நூல்களும் பழைய வழக்கமும்

மனுவின் நூல், முப்பது வயது ஆடவன் பன்னிரண்டு வயதுச் சிறுமியை மணக்கலாம் என்றும், இருபத்து நான்கு வயதினன் எட்டு வயதுச் சிறுமியை மணக்கலாம் என்றும் விதி கூறுகிறது. முன்னதில் வேறுபாடு 18 ஆண்டு. பின்னதில் 16 ஆண்டு. 1927ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எரிக்கப்பட்ட நூல் இதுவேயாகும். தீண்டாமைக்கு அரணாக நின்ற அதே நூல், பெண்ணின் இளமைக்கும் விலங்கு பூட்டியது என்பதை நாம் மறக்கலாகாது.

சீனத்தின் பண்டைச் சடங்கு நூல் ஆணுக்கு 30, பெண்ணுக்கு 20 என்று வகுத்தது. நம் சிலப்பதிகாரத்தில் கோவலன் பதினாறு வயதினன். கண்ணகி பன்னிரண்டு வயதினள். வேறுபாடு நான்காண்டே எனினும் இருவருமே சிறுவர் என்பதை நோக்குக. கணவன் மூத்தவனாய் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் ஆசியா எங்கணும் பரவியிருந்தது என்பது இவற்றால் விளங்கும். எனினும் அது எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் இருந்ததில்லை.

ஆசிய நாடுகளில் பலவகை

தென்கிழக்கு ஆசியாவைப் பாருங்கள். பர்மா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் கணவன் மனைவியரிடையே சராசரியாக இரண்டு மூன்று ஆண்டுகளே வேறுபாடு. காரணம் யாது? அங்கெல்லாம் மகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு. சந்தையில் கடை நடத்துபவர்களுள் பெண்களே மிகுதி. திருமணமான தம்பதியர் பெண் வீட்டில் சில காலம் வாழ்வதும் பழைய வழக்கம். பெண் ஒரு வீட்டிலிருந்து பிடுங்கி மற்றொரு வீட்டில் நடப்பட வேண்டிய நாற்றாகக் கருதப்படவில்லை. ஆதலின், அவளை இளமையிலேயே வளைத்துக்கொள்ள வேண்டும் என்னும் அவசரம் அங்கு எழவில்லை.

வடசீனத்து உழவர்களிடையே இதற்கு நேர்மாறான வழக்கம் இருந்தது. சிறுவனாகிய மகனுக்கு அவனைவிட மூத்த பெண்ணை மணம் முடித்தனர். மூன்று வயது மூத்த மனைவியை மணப்பவன் பொற்கட்டியை அணைத்தவனாவான் என்பது அவர்களது பழமொழி. ஜப்பானியரும், ஓராண்டு மூத்த மனைவியை இரும்புச் செருப்பு அணிந்தேனும் தேடிச் செல்லலாம் என்பர். பழைய கொரியாவிலும் பொம்மை வைத்து விளையாடும் பருவத்துச் சிறுவனுக்கு வளர்ந்த பெண் மனைவியாக வந்ததுண்டு. மனைவி மூத்தவள் என்றதும் அவளுக்கு உரிமை மிகுதி என்று எண்ணிவிடாதீர்கள். மாமியார் வீட்டில் நீர் சுமக்கவும், நெல் குத்தவும், சிறுவனாகிய கணவனையே குளிப்பாட்டி வளர்க்கவும் கூலியில்லாத ஆள் ஒன்று தேவைப்பட்டது. அவ்வளவே. இளைய மனைவியாயினும் மூத்த மனைவியாயினும், அவளைக் கேளாமல் முடிவு செய்யப்பட்ட இடத்தில் இழப்பு அவளுக்கே நேர்ந்தது.

இந்தோனேசியாவின் கார்த்தினி அம்மையாரை அந்நாட்டவர் பெண் கல்வியின் தாயாகப் போற்றுகின்றனர். 1879இல் பிறந்து, பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்று கடிதம் கடிதமாக எழுதிய அவர், 1903இல் வயதில் மிக மூத்தவரும் ஏற்கெனவே மனைவியர் உள்ளவருமான ஓர் ஆட்சியாளருக்கு மணம் செய்விக்கப்பட்டார். மறு ஆண்டே மகப்பேற்றினை அடுத்து, தம் 25ஆம் வயதில் மறைந்தார். பிறர்க்கு வழி காட்டியவரையும் பழைய வழக்கம் விட்டுவைக்கவில்லை.

இந்தியா, வங்காளதேசம் போன்ற தெற்காசிய நாடுகளிலேயே வேறுபாடு மிகுதியாக இருந்து வந்துள்ளது. 1901ஐ ஒட்டிய பத்தாண்டில் இந்தியாவில் சராசரி மணவயது ஆணுக்கு ஏறத்தாழ 20, பெண்ணுக்கு 13 என்று குடிக்கணக்கு கொண்டு மதிப்பிட்டுள்ளனர். இன்று வேறுபாடு ஏறத்தாழ ஐந்தாண்டாகக் குறைந்துள்ளது. ஆயினும் சராசரி என்பது ஆற்றின் சராசரி ஆழத்தைப் போன்றது. மூழ்குகிறவன் சராசரியில் மூழ்குவதில்லை.

அம்பேத்கர் கண்ட உண்மை

1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது இளைஞர் ஒருவர் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை ஒன்று படித்தார். அவரே நம் அண்ணல். அக்கட்டுரையில் அவர் எழுப்பிய வினா இது: ஒரு கூட்டம் தன் கதவை மூடிக்கொண்டு, தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்க விரும்பினால், அதற்கு என்ன செய்ய வேண்டும்? ஆண், பெண் எண்ணிக்கை சமமாக நின்றாக வேண்டும். ஆனால் மரணம் கணவனையும் மனைவியையும் ஒரே நாளில் கொண்டு செல்வதில்லை. கணவன் இறந்தால் ஒரு பெண் மிகுதியாகிறாள். அவள் வெளியே மணந்தால் சாதிக் கதவு திறந்துவிடும். உள்ளேயே மணந்தால் ஒரு கன்னிக்குரிய மணமகன் குறைந்துவிடுவான். எனவே அவளைக் கணவனோடு எரித்தனர்; அல்லது கைம்மைக் கோலத்தில் மூலையில் இருத்தினர்.

மனைவி இறந்தால் ஓர் ஆண் மிகுதியாகிறான். அவனை எரிக்க ஆணுலகம் உடன்படுமா? துறவியாக்கினால் கூட்டத்தின் தொகை குறையும். ஆதலின் அவனுக்கும் பெண் தேடினர். அவன் வயதிற்கு ஒத்த கன்னியர்க்கோ அவரவர்க்குரிய மணமகன் உண்டு. ஆகவே, இன்னும் மணப்பருவம் எய்தாத சிறுமியரிலிருந்து ஒருத்தியைப் பிடித்து அவனுக்குக் கொடுத்தனர். சதி, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கொடுமைகள் அல்ல. சாதி என்னும் ஒரே கதவின் மூன்று தாழ்ப்பாள்கள் என்பதே அண்ணல் நிறுவிய உண்மையின் சாரம்.

இளைஞர்களே! நாற்பது வயது ஆடவனும் பத்து வயதுச் சிறுமியும் மணமக்களாய் அமர்ந்த காட்சியைக் கண்டு, 'என்ன அறியாமை!' என்று மட்டும் பலர் பேசினர். அதன் பின்னால் சாதியைக் காக்கும் கணக்கு ஒன்று இருந்தது என்பதை அண்ணலே எடுத்துக் காட்டினார்.

இதனை எழுதியவர் தம் வாழ்விலும் இவ்வழக்கத்தை அறிந்தவர். பம்பாயின் பைகுல்லா அங்காடியில் இரவு நேரத்தில் நடைபெற்ற அவர்தம் திருமணத்தின்போது அவருக்கு ஏறத்தாழ 15 வயது. இரமாபாய் அம்மையாருக்கு 9 வயது. அவர் கடல் கடந்து பயின்ற ஆண்டுகளில் வறுமையையும் குழந்தைகளின் மரணத்தையும் தாங்கி நின்றவர் அவ்வம்மையார். 1935இல் அவர் மறைந்த பின்னர், தம் நூல் ஒன்றை அண்ணல் அவர்தம் நினைவிற்குக் காணிக்கையாக்கினார். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் டாக்டர் சாரதா கபீர் அம்மையாரை அவர் மணந்தபோது அவருக்கு 57 வயது, அம்மையாருக்கு 39. வேறுபாடு 18 ஆண்டு. இதனைச் சுட்டிக்காட்டி, 'உங்கள் தலைவரும் அவ்வாறே செய்தாரே' என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்கு விடை எளிது. அங்கே மணமகள் முதிர்ந்த அறிவுடைய மருத்துவர். தாமே எண்ணித் தாமே இசைந்தவர். ஆகவே ஆண்டு வேறுபாடு மட்டுமே குற்றமன்று. ஒருவருக்கு அறிவும் தொழிலும் குரலும் உள்ளன, மற்றவருக்கு அவை வருமுன்னரே தாலி ஏறுகிறது என்னும் நிலையே குற்றமாகும்.

சட்டம் நடந்த வழி

1890இல் கல்கத்தாவில் பூல்மணி என்னும் சிறுமி, தன்னினும் மிக மூத்த கணவனின் செயலால் உயிரிழந்தாள். அவ்வழக்கின் அதிர்ச்சியால் 1891இல் உறவுக்கு இசையும் வயதைப் 10லிருந்து 12ஆக உயர்த்திச் சட்டம் வந்தது. அதற்கும் பெரும் எதிர்ப்பு எழுந்தது!

இதற்குச் சிறிது முன்னர் ருக்மாபாய் என்னும் பெண்மணி பம்பாயில் ஒரு புரட்சி செய்தார். பதினோராம் வயதில் 19 வயதினருக்கு மணம் செய்விக்கப்பட்ட அவர், வளர்ந்து கல்வி பெற்ற பின்னர், 'என் அறிவு வருமுன் நடந்த மணம் என்னைக் கட்டுப்படுத்தாது' என்னும் கருத்தில் உறுதியாய் நின்றார். 1887இல் நீதிமன்றம், கணவனிடம் செல்க, அன்றேல் ஆறு திங்கள் சிறை என்றது. சிறைக்கே செல்வேன் என்றார் அவர். 1888இல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது. பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று, சூரத் நகரில் நெடுங்காலம் மருத்துவராகத் தொண்டாற்றினார். தச்சர் குலத்தில் பிறந்த ஒரு பெண், கல்வியின் துணைகொண்டு பேரரசின் நீதிமன்றத்தையே அசைத்த வரலாறு இது.

1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என விதித்தது. அதற்கு ஆதரவாக நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார் உழைத்தார். 1978இல் அவ்வயது 18, 21 என உயர்ந்தது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி, 18 வயது நிறையாத பெண்ணை மணக்கும் வயதுவந்த ஆணுக்கும், அதனை நடத்தி வைப்போர்க்கும் இரண்டாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது என்னும் நோக்கில் 2021இல் நாடாளுமன்றத்தில் வந்த மசோதா 2024இல் காலாவதியாயிற்று. கொரியா 2007இலும், இந்தோனேசியா 2019இலும், ஜப்பான் 2022இலும் இருபாலர்க்கும் ஒரே மணவயதை விதித்துவிட்டன. நம் சட்டத்தில் மூன்றாண்டு வேறுபாடு இன்னும் நிற்கிறது.

வரதட்சணைக்கும் வயதுக்கும் உள்ள உறவு

ஒரு கணக்கைக் கூறுகிறேன். கரும்பலகை இல்லாமலே விளங்கும். மக்கள் தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் பெருகும் நாட்டில், ஒவ்வோர் ஆண்டும் பிறக்கும் குழந்தைகள் முந்திய ஆண்டினும் மிகுதி. அந்நாட்டில் 27 வயது ஆண்கள் 100 பேர், 20 வயதுப் பெண்களைத் தேடிச் செல்கின்றனர் என்க. ஏழாண்டு பின்னர்ப் பிறந்த அப்பெண்களின் தொகை ஏறத்தாழ 115 ஆகியிருக்கும். நூறு மணமகன்களுக்கு நூற்றுப் பதினைந்து மணமகள்கள்! அப்பதினைந்து பெண்களைப் பெற்றவர்களின் அச்சமே ஏலம் ஏறுவதற்கு வழி செய்கிறது. வயது வேறுபாடு குறைந்தால் இம்மிகுதியும் குறையும். 1960களிலும் 70களிலும் இந்திய மக்கள் தொகை இவ்வேகத்தில்தான் பெருகியது. வரதட்சணை பரவியதற்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒன்று என அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

முற்காலத்தில் நம் மக்களிடையே மணமகன் வீட்டாரே பரிசம் கொடுத்துப் பெண் எடுத்தனர். பெண்ணும் வயலில் உழைப்பவள் ஆதலின், அவள் பிரிவு பெற்றோர்க்கு இழப்பு என்பதை அவ்வழக்கம் ஒப்புக்கொண்டது. கணவனை இழந்தவள் மறுமணம் செய்துகொள்ளுதலும் நம்மிடையே இழிவாகக் கருதப்படவில்லை. 1856இல் சட்டம் இயற்றி உயர் சாதியினர்க்கு வழங்க வேண்டியிருந்த உரிமை, நம் பாட்டிமார்க்கு இயல்பாகவே இருந்தது. இன்றோ, நாலெழுத்துப் படித்து நல்ல வேலையில் அமர்ந்ததும், பரிசத்தை விட்டு வரதட்சணையைப் பிடித்துக்கொள்கிறோம். நிகரான வயதினளை விட்டு 'சின்னப் பெண்ணாக' வேண்டும் என்கிறோம். மேலே உள்ளவரைப் பார்த்துக் கீழே உள்ளவர் செய்யும் இப்பின்பற்றலே சாதிப் பழக்கங்களைப் பரப்பியது என்றும் அண்ணல் 1916லேயே எச்சரித்தார். அவர் கொடுத்த கல்வியைக் கொண்டே அவர் கண்டித்ததை வாங்கலாமா?

பெரியோர் கூறும் காரணங்கள்

'ஆண் முதலில் சம்பாதித்து நிலைக்க வேண்டும். பெண்ணுக்கு அது தேவையில்லை' என்பர் சிலர். மருமகள் ஊதியத்தில் வீடு கட்டிய குடும்பங்கள் இவ்வரங்கிலேயே உள்ளன. இதற்கு வேறு விடை வேண்டுவதில்லை.

'சிறு பெண் என்றால் சொல்வதைக் கேட்பாள்' என்பர். ஆம்; கேட்பாள். தவறு செய்யும்போதும் மறுத்துக் கூற மாட்டாள். ஊதியத்தைக் குடித்தே தீர்க்கும் கணவனை நிறுத்தும் குரல் அவ்வீட்டில் இருக்காது. 18 வயதினள் 32 வயதினனை மணந்தால், அவனுக்கு 65 ஆகும்போது அவளுக்கு 51. அவன் அன்று மறைந்தால், படிப்பும் தொழிலும் இன்றி இருபது முப்பது ஆண்டுகளை அவள் பிள்ளைகளின் தயவில் கழிக்க வேண்டும்.

'தாய்மாமனுக்கு உரிமைப் பெண்; சொத்தும் உறவும் விலகாது' என்பர். மாமன் முந்திய தலைமுறையினன் ஆதலின், இவ்வழக்கிலேயே தென்னாட்டில் வேறுபாடு மிகுதியாக நேர்கிறது. உறவு அன்பினால் நிலைக்கட்டும். ஒரு மாணவியின் படிப்பை விலையாகக் கொடுத்து நிலைக்க வேண்டா.

இறுதியாக, பலர் வாய்விட்டுக் கூறாத காரணம் ஒன்று உண்டு. அஃது அச்சம். மகள் கல்லூரிக்குச் செல்லும் வழியில் பிற சாதியைச் சேர்ந்த ஒருவனோடு பழகிவிட்டால், வெட்டும் குத்தும் நம் தெருவிற்கு வருமே என்று தந்தை நடுங்குகிறார். இவ்வச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அதற்குக் காரணமான கொடுமைகளை நாளிதழ்களில் காண்கிறோம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அச்சத்தினால் மகளைப் பதினேழில் மணம் முடித்தல், கதவைத் தாழிட்டவர்களின் தாழ்ப்பாளை நாமே நம் கையால் போடுவதாகும். அதற்கு மாற்று, மாணவியர் கூட்டமாகச் செல்லும் ஏற்பாடும், விடுதியும், நிகழ்ந்த குற்றத்திற்கு உடனே சட்டத்தை நாடும் துணிவுமே ஆகும்.

கல்வி செய்யும் மாற்றம்

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி பரவியது. 1981ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அங்குப் பெண்களின் சராசரி மணவயது 24ஐத் தாண்டியிருந்தது. அக்காலத்தில் இந்தியாவில் அது 18ஐ ஒட்டியே நின்றது. ஜப்பானில் முதல் மணம் புரிவோரிடையே 1950இல் ஏறத்தாழ மூன்றாண்டாக இருந்த வேறுபாடு, 2020இல் ஒன்றரை ஆண்டளவாகக் குறைந்தது. கொரியாவில் இன்று முதல் மணம் புரியும் இணையர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் மனைவியே மூத்தவர். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெண் படித்துப் பொருளீட்டும் நாட்டில் வயது தானாகவே நெருங்குகிறது.

நம் தமிழகமும் பின்தங்கிவிடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களுள் 18 நிறையுமுன் மணம் முடித்தோர் இந்தியாவில் நூற்றுக்கு 23 பேர். தமிழகத்தில் ஏறத்தாழ 13 பேர். 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், படித்த பெண்ணுக்கே திருமண உதவி என்று விதித்து, பலரைப் பள்ளியில் நிறுத்தியது. 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குகிறது. தாலிக்குக் கொடுத்த பொருள் இன்று புத்தகத்திற்குச் செல்கிறது. ஆயினும் நூற்றுக்குப் பதின்மூன்று என்பது, நாற்பது மாணவியர் உள்ள வகுப்பில் ஐந்து வெற்றிடங்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

என் வேண்டுகோள்

1942ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட மகளிர் மாநாட்டில் அண்ணல், பிள்ளைகளின் மீது திருமணத்தை அவசரப்பட்டுச் சுமத்தாதீர்கள் என்றும், மனைவி கணவனுக்கு நிகரான தோழியாய் நிற்க வேண்டுமேயன்றி அடிமையாதல் கூடாது என்றும் அறிவுறுத்தினார். நிகர் என்பது மேடையில் கூறுவதால் வந்துவிடாது. மணப்பந்தலில் அமரும்போதே இருவரிடமும் ஓரளவு ஒத்த வயதும், ஒத்த கல்வியும், மறுத்துரைக்கும் உரிமையும் இருந்தாலன்றி அது வாய்க்காது.

ஆதலின் பெற்றோரை வேண்டுகிறேன்: மகள் பட்டமோ தொழிற்கல்வியோ முடிக்கும் வரை பெண் பார்க்க எவரையும் வீட்டிற்கு அழையாதீர்கள். அவள் வேண்டாம் என்று கூறினால், அச்சொல்லை இறுதிச் சொல்லாகக் கொள்ளுங்கள்.

இளைஞர்களை வேண்டுகிறேன்: வேலை கிடைத்ததும் பள்ளிச் சிறுமியைத் தேடாதீர்கள். உங்களோடு பயின்ற வயதினளை, உங்கள் கருத்தை மறுத்துப் பேசக் கூடியவளைத் தேடுங்கள். வரதட்சணை பெறேன் என்பதோடு, படிப்பைப் பாதியில் நிறுத்திய மணமும் வேண்டேன் என்று உறுதி கொள்ளுங்கள்.

மாணவியரை வேண்டுகிறேன்: உங்கள் பிறப்புச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் எங்குள்ளன என்பதை அறிந்து வைத்திருங்கள். வற்புறுத்தல் நேர்ந்தால் ஆசிரியரிடம் கூறுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை மனத்தில் இருத்துங்கள்.

கழகத்தாரை வேண்டுகிறேன்: இருபத்தைந்து ஆண்டுகளாகத் தேர்வில் வென்றோர்க்குப் பரிசளித்து வருகிறோம். இனி ஆண்டுதோறும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் மாணவியர் ஒவ்வொருவரும் எங்குள்ளனர் என்னும் பதிவேடு ஒன்றை வைப்போம். கல்லூரியில் இல்லாதவளின் வீட்டிற்கு இருவர் நேரில் செல்வோம். பணமே தடை எனில் பணம் தேடுவோம். மணமே தடை எனில் அமர்ந்து பேசுவோம்.

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர். பயிர் வளர வேண்டுமாயின் விதை முற்றியிருக்க வேண்டும் என்பதை உழவர் குடியினராகிய நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.